ஆஃப்ரோடு என்று ஒரு ஊர் இல்லை

முதலிலேயே ஒரு டிஸ்கி. பைக் ஓட்டுவது பாவம், மலைக்குப் போவது தண்டச் செலவு, பிள்ளைகளை வீட்டில் பூட்டி வையுங்கள் என்று சொல்ல வந்த பதிவு இல்லை இது. இமயமலையைப் பார்க்காமல் வடக்கே குடித்தனம் நடத்துவது, கடலைப் பார்க்காமல் சென்னையில் இருப்பது மாதிரி. போகட்டும், நன்றாகப் போகட்டும். எப்படிப் போகிறார்கள் என்பதில்தான் எனக்குச் சண்டை.

செப்டம்பர் பாதி தாண்டிவிட்டால் சண்டிகரில் ஒரு ஜுரம் ஆரம்பிக்கும். மழை ஓய்ந்து வானம் கழுவித் துடைத்த மாதிரி இருக்கும். ஆயுத பூஜை, காந்தி ஜெயந்தி, தசரா என்று லீவு வரிசையாக வரும். கொலுவுக்குச் சுண்டல் வாங்க வருகிற வீடுகளில் எல்லாம் ஒரே பேச்சு. "எங்க பையன் ஆபீஸ் பசங்களோட ஸ்பிதி போறான், பன்னெண்டு பைக்காம்." பையனைக் கேட்டால் கண் மின்ன, "ஃபுல் ஆஃப்ரோடு அங்கிள்!" என்பான். டில்லியிலிருந்து, புனேயிலிருந்து, பெங்களூரிலிருந்துகூட வண்டியை லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டு, பின்னாலேயே இவர்கள் வந்து இறங்குகிறார்கள். நம்ம ஓரகடத்திலும் வல்லம் வடகாலிலும் தயாரான புல்லட்டும் ஹிமாலயனும் ஊர் பெயரைக் காப்பாற்ற இங்கே மலை ஏறுகின்றன. சந்தோஷம்.

அந்த 'ஃபுல் ஆஃப்ரோடு' என்கிற இரண்டு வார்த்தைதான் எனக்கு ஆகாதது.

மோசமான ரோடு வேறு, ரோடே இல்லாதது வேறு

மணாலியிலிருந்து காஸா போகும் வழியில் கிராம்ஃபூ என்று ஒரு திருப்பம். அங்கிருந்து சத்ரு, பாத்தல் வழியாகச் சந்திரா நதியை ஒட்டிப் போய், சுமார் 4,550 மீட்டர் உயரத்தில் குன்ஜும் கணவாயைத் தாண்டி லோசரில் இறங்க வேண்டும். தேசிய நெடுஞ்சாலை 505 என்று பெயர். பெயரைக் கேட்டு நான்கு வழிச்சாலை என்று நினைத்துவிடாதீர்கள். உருண்டைக் கல், சகதி, ரோட்டின் குறுக்கே ஓடும் ஓடைகள் (இங்கே நாலா என்பார்கள்). பல இடங்களில் ஓடைதான் ரோடு.

ஆனாலும் அது ரோடு. எல்லைச் சாலை அமைப்பும், ஜார்க்கண்டிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து தகரக் கொட்டகையில் படுத்துக் கல் உடைக்கும் தொழிலாளிகளும் வருடா வருடம் பனியை வெட்டி, சரிவை அள்ளி, திறந்து வைக்கிற ரோடு. அதில் உங்கள் பையன் விழுந்து எழுந்து ஓட்டிக்கொண்டு போகட்டும். கை கால் நடுங்கட்டும். வீரம் காட்ட அது தாராளமாகப் போதும். அதற்கு ஒரு வார்த்தை மறுப்பு கிடையாது என்னிடம்.

நான் சொல்வது அடுத்து நடப்பதை. பாதையை ஒட்டி ஒரு புல்வெளி தெரியும். ஆற்றங்கரையில் ஒரு மணல் திட்டு தெரியும். ஏரிக்கரை தெரியும். லீடர் கையைத் தூக்குவார். பன்னிரண்டு வண்டியும் பாதையை விட்டு இறங்கும். ஒருவன் வட்டம் அடிப்பான், ஒருவன் பின் சக்கரத்தால் மண்ணை வாரி இறைப்பான், ஒருவன் டிரோன் பறக்கவிடுவான். அரை மணி நேரத்தில் வீடியோ ரெடி. கீழே எழுதுவார்கள், 'மனிதன் கால் படாத பூமி' என்று.

கால் படாத பூமியா? அங்கே ஆயிரம் வருடமாகக் கால் பட்டுக்கொண்டிருக்கிறது சாமி. டயர்தான் படவில்லை.

அந்தப் புல் யாருடையது?

ஸ்பிதியில் வருடத்துக்கு ஒரே ஒரு விவசாயப் பருவம். பார்லியும் பட்டாணியும் விளையும். பனி உருகி வரும் தண்ணீரைப் பல கிலோமீட்டர் வாய்க்கால் வெட்டி (கூல் என்று சொல்வார்கள்) வயலுக்குக் கொண்டு வருகிறார்கள். எந்த வீட்டுக்கு என்றைக்குத் தண்ணீர் என்று முறை வைத்துப் பாய்ச்சுகிறார்கள். நம்ம தஞ்சாவூர்ப் பக்கம் முறைப்பாசனம் பார்த்தவர்களுக்கு அதன் அருமை புரியும்.

இலையுதிர் காலம் நமக்கு லீவு சீசன். அவர்களுக்கு அதுதான் வருடத்திலேயே ஓய்வில்லாத சீசன். கதிர் அறுக்க வேண்டும், போர் அடிக்க வேண்டும். அதைவிட முக்கியம், புல் அறுத்துக் காயவைத்து வீட்டு மாடியில் அடுக்க வேண்டும். ஸ்பிதிக் கிராமத்து வீடுகளின் மொட்டை மாடியில் விளிம்பு முழுக்கப் புல்லும் சுள்ளியும் அடுக்கியிருப்பதைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். அது அழகுக்கு வைத்தது இல்லை. நவம்பருக்கு மேல் குன்ஜும் மூடிவிடும், திறக்க மே கடைசி, ஜூன் ஆகிவிடும். அத்தனை மாதம் மாடும் யாக்கும் ஆடும் அந்தப் புல்லைத் தின்றுதான் உயிரோடு இருக்க வேண்டும். போர் தீர்ந்துவிட்டால் கடையில் வாங்கிக்கொள்ள முடியாது.

சந்திரதால் பக்கத்துப் புல்வெளிகளுக்குக் கோடையில் காங்க்ரா, சம்பா பக்கத்திலிருந்து கத்தி இடையர்கள் மந்தையை ஓட்டிக்கொண்டு கணவாய்கள் தாண்டி வருகிறார்கள். செப்டம்பரில் குளிர் இறங்கத் தொடங்கியதும் கீழே திரும்புகிறார்கள். பாட்டன் முப்பாட்டன் காலத்திலிருந்து எந்தச் சரிவில் யார் மந்தை மேயலாம் என்று கணக்கு இருக்கிறது. பத்திரப் பதிவு ஆபீஸில் இல்லாவிட்டாலும் அது சொத்துரிமைதான். நீங்கள் 'காலி இடம்' என்று இறங்கிய அந்தச் சரிவு ஒருவருடைய அடுத்த வருட வருமானம்.

இப்படி யோசித்துப் பாருங்கள். தை மாசம் கும்பகோணம் பக்கம் கதிர் முற்றி நிற்கிற வயலில் பன்னிரண்டு பைக் இறங்கி வட்டம் அடித்து வீடியோ எடுத்தால் என்ன ஆகும்? ஊரே கூடி வண்டியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். எடுத்தவனுக்கும் நாலு சாத்து விழும். வயலுக்கு வரப்பு இருப்பதால் அது சொத்து என்று நமக்குத் தெரிகிறது. மேய்ச்சல் நிலத்துக்கு வரப்பு இல்லை. அதனால் ஊருக்குச் சொந்தமில்லை என்று நினைத்துக்கொள்கிறோம். வித்தியாசம் அவ்வளவுதான்.

ஒரு டயர் தடம் எத்தனை வருடம்?

"புல்தானே அங்கிள், திரும்ப முளைச்சிடும்" என்றான் எங்கள் குடியிருப்பில் ஒரு தம்பி. நல்ல பையன், சாஃப்ட்வேர் வேலை. ஆனால் அவன் புல் முளைப்பதைப் பார்த்தது திருச்சியில்.

சென்னையில் வருடத்துக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை. லே நகரத்தில் வெறும் 100 மில்லிமீட்டர் அளவுதான். ஸ்பிதியும் லடாக்கும் குளிர் பாலைவனம். செடி வளர்வதற்குக் கிடைப்பது கோடையில் சில மாதங்கள். மேல் மண் மெல்லிய தோல் மாதிரி இறுகி இருக்கிறது. அதுதான் ஈரத்தைப் பிடித்து வைக்கிறது, காற்றில் மண் பறக்காமல் தடுக்கிறது. சுமை ஏற்றிய ஒரு பைக் இருநூறு கிலோவுக்கு மேல். அதன் முரட்டு டயர் அந்தத் தோலைக் கிழித்தால், கிழிந்த இடத்தில் அடுத்த வருடம் புல் வராது. பனி உருகும்போது தண்ணீர் அந்தத் தடத்தையே வாய்க்காலாகப் பிடித்து இன்னும் அரிக்கும். பின்னால் வருகிறவன் தடத்தைப் பார்த்து, "ஓ, இங்கே வழி இருக்கு போல" என்று அவனும் இறங்குவான். நாலு சீசனில் அது குறுக்குப் பாதை. சர்ச்சு, மோரே சமவெளிப் பக்கம் போய்ப் பாருங்கள், ஒரு ரோட்டுக்குப் பக்கத்தில் பத்துத் தடம் ஓடுகிறது.

இந்த இடங்கள் சாமானியமானவை இல்லை. சந்திரதால் 2005-ல் ராம்சார் ஒப்பந்தத்தின் கீழ் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்று அறிவிக்கப்பட்டது. பரப்பு வெறும் 49 ஹெக்டேர். வண்டியை ஏரிக்கு ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் முன்பே நிறுத்திவிட்டு நடக்க வேண்டும், கூடாரம் ஏரிக்கரையில் போடக் கூடாது என்பது காரணம் இல்லாமல் வைத்த விதி இல்லை. 2025 செப்டம்பரில் இமாச்சலத்தின் குளிர் பாலைவனப் பகுதி யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பகப் பட்டியலில் சேர்ந்தது. பட்டியலில் இடம் பெற்றதால் மட்டும் ஒரு புல்லும் பிழைத்துவிடாது. மிதிக்காமல் இருந்தால்தான் பிழைக்கும்.

நான் ஏதோ கற்பனையில் பயப்படுகிறேன் என்று நினைக்க வேண்டாம். 2022 ஏப்ரலில் பாங்காங் ஏரித் தண்ணீருக்குள் ஆடம்பரக் காரை ஓட்டி, மேஜை போட்டுக் குடித்து, வீடியோ எடுத்துப் போட்டார்கள். அதே வருடம் ஜூனில் நுப்ராவில் ஹுண்டர் மணல் மேட்டில் கார் ஓட்டிய சுற்றுலாப் பயணிக்கு லே போலீஸ் 50,000 ரூபாய் அபராதம் போட்டது. 2023 டிசம்பரில் லாஹௌலில் போக்குவரத்து நெரிசலைத் தாண்டிப் போக ஒருவர் சந்திரா நதிக்குள்ளேயே ஜீப்பை இறக்கினார். போலீஸ் போட்ட செலான் 3,500 ரூபாய். ஒரு நாள் கூடார வாடகைகூட அதைவிட அதிகமாக இருக்கும்! அந்த அபராதத்துக்கு யார் பயப்படுவார்கள்? அது டிக்கெட் விலை மாதிரி ஆகிவிடுகிறது.

மேலே சொன்ன மூன்றும் நாலு சக்கரம். "பார்த்தீங்களா, பைக் இல்லையே" என்று தம்பிமார்கள் துள்ள வேண்டாம். :-) கார் போக முடியாத இடத்துக்கும் பைக் போகும். அதுதானே உங்கள் பெருமையே.

கூட்டம் சேர்ந்தால் புத்தி பங்கு போடப்படும்

தனியாகப் போகிறவன் ஓடையைப் பார்த்ததும் வண்டியை நிறுத்துவான். இறங்கி, கல்லைத் தூக்கிப் போட்டு ஆழம் பார்ப்பான். எதிரே வருகிற டிரைவரைக் கேட்பான். பன்னிரண்டு பேராகப் போகிறவன், முன்னால் போனவனின் பின் விளக்கை மட்டும் பார்ப்பான். முன்னால் போனவன் தப்பித்துவிட்டான், நானும் தப்பித்துவிடுவேன். பயம் வந்தாலும் சொல்ல மாட்டான். சொன்னால் ராத்திரி முழுக்கக் கிண்டல். கூட்டத்தில் தைரியம் பெருகுவது மாதிரி தெரியும். உண்மையில் ஜாக்கிரதைதான் குறையும். பொறுப்பும் அப்படித்தான், பன்னிரண்டாக வகுத்தால் ஆளுக்கு ஒன்றும் மிஞ்சாது.

இதைவிட ஆபத்து, கூட்டத்தின் டைம்டேபிள். ரூம் புக் ஆகிவிட்டது, திங்கட்கிழமை ஆபீஸ். வழக்கமான திட்டம் இது: முதல் நாள் சண்டிகரிலிருந்து மணாலி. இரண்டாம் நாள் மணாலியிலிருந்து சந்திரதால். கேட்க இனிமையாக இருக்கிறது. உயரத்தை எழுதிப் பாருங்கள். சண்டிகர் சுமார் 320 மீட்டர், மணாலி 2,050, சந்திரதால் கிட்டத்தட்ட 4,300. ஒன்றரை நாளில் நாலாயிரம் மீட்டர்!

3,000 மீட்டருக்கு மேல் போனால், தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் ஏற்றாதே, மூன்று நான்கு நாளுக்கு ஒரு நாள் ஓய்வு எடு என்பது மலை மருத்துவத்தின் பாலபாடம். அந்தக் கணக்கில் மணாலிக்கும் சந்திரதாலுக்கும் நடுவில் இரண்டு மூன்று இரவாவது வேண்டும். இவர்கள் ஒரு இரவும் கொடுப்பதில்லை. 4,300 மீட்டரில் ஒவ்வொரு மூச்சுக்கும் கிடைக்கும் ஆக்சிஜன் கடல் மட்டத்தில் கிடைப்பதில் சுமார் அறுபது சதவீதம்தான். தலைவலி, வாந்தி, தூக்கமின்மையில் ஆரம்பிக்கும். அலட்சியம் செய்தால் நுரையீரலில் நீர் கோக்கும், மூளை வீங்கும். அதற்கு முதல் வைத்தியம் உடனே கீழே இறங்குவது. ராத்திரி இரண்டு மணிக்கு, உறைபனியில், அந்த ரோட்டில், யார் இறக்குவார்கள்? போன் சிக்னலை அங்கே நம்ப முடியாது. உடம்பு உறுதியாக இருப்பவனுக்கு இது வராது என்பதும் பொய். ஜிம்முக்குப் போகிற பையனையும் அடிக்கும். அவன்தான் வெளியே சொல்லவும் மாட்டான்.

இலையுதிர் காலத்து வானத்தை நம்பாதீர்கள். நீலமாக இருக்கிறதே என்று கிளம்பிப் போவார்கள். 2018 செப்டம்பர் 22-ஐ ஒட்டி இரண்டு மூன்று நாள் லாஹௌல் ஸ்பிதியில் எதிர்பாராத பனி கொட்டியது. ரோத்தாங் மூடிவிட்டது. நூற்றுக்கணக்கான பேர் சிக்கிக்கொண்டார்கள். விமானப்படை ஹெலிகாப்டர் போய் இறக்கி வர வேண்டியிருந்தது. அப்போது அடல் சுரங்கமும் கிடையாது, அது திறந்தது 2020 அக்டோபரில். இன்றைக்குச் சுரங்கம் இருக்கிறது. ஆனால் சுரங்கத்தைத் தாண்டிக் குன்ஜும் பக்கம் போகிறவனுக்கு அதனால் ஒரு லாபமும் இல்லை. அக்டோபர் காலையில் ஓடைத் தண்ணீர் ரோட்டில் கண்ணாடியாக உறைந்திருக்கும். பைக்குக்கு இரண்டே சக்கரம். மதியம் உருகினால் அதே ஓடை பெருகும். பொழுதும் சீக்கிரம் சாயும்.

சிக்கிக்கொள்பவர்களைக் காப்பாற்றுவது யார்? பாத்தலில் தேநீர் போடுகிற டாபாக்காரர்கள், லோசர் கிராமத்து மக்கள், சாலைத் தொழிலாளிகள். தங்கள் குளிர்காலத்துக்குச் சேர்த்த விறகையும் அரிசியையும் எடுத்துப் போடுகிறார்கள். யாருடைய புல்லை மதியம் மிதித்தோமோ, ராத்திரி அவர் வீட்டு அடுப்பில்தான் கை காய வைக்கிறோம்.

கையெழுத்துப் போடும் முன் படிக்கிறார்களா?

பேங்கில் வேலை செய்பவனிடம் இதை எதிர்பார்த்திருப்பீர்கள். ஆமாம், காகிதத்துக்கு வருகிறேன்.

டூர் நடத்துகிறவர் ஒரு படிவம் தருவார். 'எது நடந்தாலும் என் சொந்தப் பொறுப்பு' என்று இரண்டு பக்கம். இருபத்தாறு வயசுப் பையன் டீ குடித்துக்கொண்டே கையெழுத்துப் போடுவான். அவன் பைக் லோனுக்கு அப்பா ஜாமீன் என்பது அப்போது ஞாபகத்தில் இருக்காது.

வண்டி இன்ஷூரன்ஸ் பாலிசியில் 'உபயோக வரம்பு' என்று ஒரு பத்தி உண்டு. வாடகைக்கு விடுவது, ரேஸ், வேகச் சோதனை இவற்றுக்கெல்லாம் பாலிசி செல்லாது என்று அதில் இருக்கும். வெள்ளை நம்பர் பிளேட் போட்ட சொந்த வண்டியை யாராவது வாடகைக்குக் கொடுத்தால், விபத்து நடந்த அன்றைக்கு அந்தப் பத்தியை எடுத்துக் காட்டுவார்கள். ஓடையில் இறக்கி எஞ்சினுக்குள் தண்ணீர் போனால், அதற்கென்று தனியாக எஞ்சின் பாதுகாப்பு வாங்கியிருக்காவிட்டால் சாதாரண பாலிசியில் பைசா வராது. உரிமையாளர் ஓட்டுநருக்கு உள்ள 15 லட்ச ரூபாய் விபத்துக் காப்பீடு, பெயரிலேயே இருப்பது போல, உரிமையாளருக்கு. வாடகை வண்டி ஓட்டுகிறவர் உரிமையாளர் இல்லை.

ஆக, வரவு செலவு எழுதினால் இப்படி வருகிறது: வீடியோ பையனுக்கு, கட்டணம் டூர்காரருக்கு, கிழிந்த நிலம் இடையருக்கு, மீட்பு வேலை டாபாக்காரருக்கு, பாக்கித் தவணை அப்பாவுக்கு. நான் படித்த பி.காமில் இதற்குப் பெயர் லாபம் இல்லை. அடுத்தவன் கணக்கில் பற்று எழுதிவிட்டு நம் கணக்கில் வரவு காட்டுவது.

வழக்கமான பதில்களுக்கு என் பதில்

"நாங்க போறதாலதானே அவங்களுக்குப் பொழைப்பு?" ரொம்பச் சரி. வீட்டில் தங்க இடம் கொடுத்து, சாப்பாடு போட்டு, குடும்பங்கள் சம்பாதிக்கின்றன. ஆனால் அந்த வருமானம் நீங்கள் ரோட்டில் வந்து, அவர் வீட்டில் தங்குவதால் வருவது. அவர் புல்வெளியில் வட்டம் அடித்ததற்கு யாரும் காசு கொடுத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. ஹோட்டலில் சாப்பிட்டுவிட்டு பில் கொடுத்தேன், அதனால் மேஜையை உடைக்கலாம் என்பது என்ன நியாயம்?

"ராணுவ லாரி போகலியா?" போகிறது, எல்லையைக் காக்க. நீங்கள் எதைக் காக்கப் போகிறீர்கள்?

"நாங்க குப்பை போடறதில்லை, பிளாஸ்டிக்கைப் பொறுக்கி எடுத்துட்டு வர்றோம்." நல்ல காரியம், கை தட்டுகிறேன். பிளாஸ்டிக் பாட்டிலைப் பொறுக்க முடியும். டயர் தடத்தைப் பொறுக்க முடியுமா?

"உங்களுக்கு வயசாயிடுச்சு அங்கிள், த்ரில் தெரியாது." நாற்பது தாண்டியது உண்மை. ஆனால் மலையை 'ஜெயித்துவிட்டேன்' என்று சொல்வதில் என்ன த்ரில் என்று இன்றைக்கும் புரியவில்லை. கார்துங் லாவில் ஒரு பலகை வெகுகாலம் 18,380 அடி என்று சொல்லிக்கொண்டிருந்தது. அதன் பக்கத்தில் நின்று நெஞ்சை நிமிர்த்திப் படம் எடுத்துக்கொண்டவர்கள் எத்தனை ஆயிரம் பேர்! பிற்பாடு சரியாக அளந்தால் சுமார் 17,580 அடிதான். எண்ணூறு அடி குறைந்ததை மலை கண்டுகொள்ளவில்லை. நமக்குத்தான் வருத்தம்.

வீட்டில் கேட்க வேண்டிய கேள்விகள்

வெளியூரில் இருக்கும் நம்ம குடும்பங்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. இங்கே தாத்தா இல்லை, பெரியப்பா இல்லை, கண்டிக்க ஆள் இல்லை. பிள்ளை வளர்ந்துவிட்டான், சம்பாதிக்கிறான், கேட்டால் கோபித்துக்கொள்வான் என்று வாயை மூடிக்கொண்டு, கையில் முறுக்கு டப்பாவைக் கொடுத்து அனுப்புகிறோம். மூட வேண்டாம். 'போகாதே' என்று சொன்னால் சண்டை வரும். அதற்குப் பதிலாக இதைக் கேளுங்கள்:

1. ஒவ்வொரு ராத்திரியும் தூங்குகிற ஊரின் உயரம் எத்தனை மீட்டர்? எழுதிக் காட்டு. ஒரே நாளில் ஆயிரம், இரண்டாயிரம் என்று தாண்டினால் திட்டத்தை மாற்று. சிம்லா, கல்பா, தாபோ, காஸா என்று கின்னௌர் பக்கமாக மெதுவாக ஏறி, கடைசியில் குன்ஜும் வழியாக மணாலி இறங்கினால் உடம்பு பழகிக்கொள்ளும்.

2. ஒருவனுக்கு முடியாமல் போனால் மொத்தக் கூட்டமும் நிற்குமா? அவனைக் கீழே இறக்கப் பின்னால் ஒரு வண்டி வருகிறதா, அதில் ஆக்சிஜன் இருக்கிறதா? கூட்டத்தில் யாருக்கு முதலுதவி தெரியும்?

3. பனி விழுந்தால் திரும்பி வர இரண்டு நாள் கூடுதல் லீவு இருக்கிறதா? இல்லை என்றால் அக்டோபரில் குன்ஜும் பக்கம் போகாதே.

4. வண்டி யார் பெயரில் இருக்கிறது? வாடகை வண்டி என்றால் முறையான வாடகைப் பதிவு உண்டா? பாலிசியை நானும் ஒருமுறை பார்க்கிறேன், கொண்டா.

5. லீடர் பாதையை விட்டு இறங்கச் சொன்னால் நீ என்ன செய்வாய்?

ஐந்தாவதுதான் முக்கியமான கேள்வி. முதல் நாலும் நம்ம பிள்ளையின் உயிருக்காக. ஐந்தாவது, நமக்கு முன்பின் தெரியாத, நம் பாஷை பேசாத ஒரு குடும்பத்தின் ஆட்டு மந்தைக்காக. இந்தக் கேள்விக்குப் பையன் கொஞ்சம் யோசித்தால்கூடப் போதும். "நான் ரோட்டிலேயே வண்டியை நிறுத்திடறேன், நீங்க போயிட்டு வாங்க" என்று ஒருத்தன் சொல்லிவிட்டால், அடுத்த இரண்டு பேர் அவனோடு நிற்பார்கள். கூட்டத்தின் தைரியம் தொற்றுவது மாதிரி, ஒருவனுடைய நிதானமும் தொற்றும்.

பிழைக்க வந்த ஊரில் நாம் எல்லோருமே அடுத்தவர் நிலத்தில் நிற்கிறவர்கள்தான். வாடகை வீட்டுச் சுவரில் ஆணி அடிக்கக்கூட உரிமையாளரைக் கேட்டுத்தானே அடிக்கிறோம்? அந்த மரியாதையை ஸ்பிதிக்காரருக்கும் கொடுக்கலாம். ஆயுத பூஜை அன்றைக்கு வண்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுக்கிவிட்டுத்தான் கிளம்புகிறீர்கள். நசுக்குவது அந்த எலுமிச்சம்பழத்தோடு நிற்கட்டும்.